இரவு பைக் பயணம்: ஹெட்லைட் எரிந்தால் மட்டும் போதுமா? கல்வராயன் மலைப்பாதை முதல் சேலம் ஹைவே வரை

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு ஒரு பைக் இறங்குகிறது. இருட்டிவிட்டது. ஹெட்லைட் எரிகிறது, ஓட்டுபவருக்குச் சாலை நன்றாகவே தெரிகிறது. ஆனால், பின்னால் வரும் பஸ் டிரைவருக்கு அந்த பைக் தெரிகிறதா? பக்கவாட்டுச் சாலையிலிருந்து ஏறும் டிராக்டர்காரருக்கு?

"லைட்டு எரியுதே, அப்புறம் என்ன?" என்பதுதான் பெரும்பாலானோரின் பதில். ஹெட்லைட் முக்கியமாக உதவுவது நீங்கள் சாலையைப் பார்ப்பதற்கு. மற்றவர்கள் உங்களை எல்லாப் பக்கமிருந்தும் பார்ப்பது வேறு விஷயம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

எண்கள் சொல்வது என்ன?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 உடன் முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு. ஒரு நாளில் அதிக விபத்துகள் நடக்கும் நேரம், மாலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை.

இவை எல்லாமே பைக் கண்ணுக்குத் தெரியாததால் நடந்தவை அல்ல. வேகம், போதை, தவறான ஓவர்டேக் என்று காரணங்கள் பல. ஆனால், வெளிச்சம் குறையும் நேரமும், எல்லோரும் வீடு திரும்பும் நேரமும் ஒன்றாகச் சேரும் அந்த மூன்று மணி நேரத்தை அலட்சியப்படுத்த முடியாது.

"பார்த்தேன், ஆனா கவனிக்கல"

1981-ல் அமெரிக்காவில் வெளியான 'ஹர்ட் அறிக்கை', லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்தது. மற்ற வாகன ஓட்டிகள் பைக்கைக் கவனிக்கத் தவறியது பல விபத்துகளுக்கு முக்கியக் காரணமாக இருந்ததாக அது கூறியது.

இதற்குக் காரணம் டிரைவரின் அலட்சியம் மட்டுமல்ல. காரில் இரண்டு விளக்குகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளி விரிவதை வைத்து, அது எவ்வளவு தூரத்தில் வருகிறது, எவ்வளவு வேகமாக வருகிறது என்று மூளை கணக்குப் போடும். பைக்கிற்கு இருப்பது ஒற்றைப் புள்ளி. எனவே, அது இன்னும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். 'அது வர்றதுக்குள்ள கிராஸ் பண்ணிடலாம்' என்று நினைக்க வைப்பது இந்தக் குழப்பம்தான்.

பின்னாலிருந்து வரும் வாகனத்துக்கு நேரம் இன்னும் குறைவு. 60 கி.மீ. வேகத்தில் வரும் கார், ஒரு நொடிக்குச் சுமார் 17 மீட்டர் நகரும். டிரைவர் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் 25 மீட்டர் போய்விடும். உலர்ந்த சாலையில் நிற்க மேலும் 20 மீட்டராவது வேண்டும். மொத்தம் 45 மீட்டர். வேகம் 80 என்றால், இது கிட்டத்தட்ட 70 மீட்டர். சுமை ஏற்றிய லாரிக்கு இன்னும் அதிகம். லோ பீமில் வரும் டிரைவருக்கு, டெயில் லேம்ப் எரியாத பைக்கில் கறுப்பு உடையோடு மெதுவாகப் போகிறவர், அந்தத் தூரத்துக்குள் வந்த பிறகுதான் தெரியக்கூடும்.

நியான் ஜாக்கெட் இரவில் வேலை செய்யாதா?

பளிச்சென்ற நியான் பச்சை, ஆரஞ்சு நிறங்கள் பகலிலும் அந்தி நேரத்திலும் நன்றாக எடுத்துக்காட்டும். அவை சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்களை வாங்கி ஒளிர்பவை. சூரியன் போய்விட்டால் அந்தச் சிறப்பும் போய்விடும்.

இரவில் கைகொடுப்பது ரிஃப்ளெக்டிவ் டேப். சாதாரணத் துணி, தன் மேல் விழும் வெளிச்சத்தை எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். இந்த டேப்பில் உள்ள நுண்ணிய கண்ணாடி மணிகளோ, வெளிச்சத்தை அது வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். ஹெட்லைட்டுக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கும் டிரைவரின் கண்ணுக்கு அது நேராகப் போய்ச் சேரும். பேட்டரி தேவையில்லை, சில நூறு ரூபாய்க்குள் வேலை முடிந்துவிடும்.

பலன் உண்டா? நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்று, 2004-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. ரிஃப்ளெக்டிவ் அல்லது ஃப்ளோரசென்ட் உடை அணிந்தவர்களுக்கு, விபத்தில் காயமடையும் அபாயம் 37 சதவீதம் குறைவாக இருந்தது. கறுப்பு ஹெல்மெட்டை ஒப்பிட்டால், வெள்ளை ஹெல்மெட் அணிந்தவர்களுக்கு 24 சதவீதம் குறைவு. நம்மூர்ச் சாலைக்கு இதே எண்கள் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால், திசை தெளிவாக இருக்கிறது.

இந்தச் சாலைகளில் என்ன சிக்கல்?

உளுந்தூர்பேட்டை - சேலம் தேசிய நெடுஞ்சாலை நான்கு வழியாக ஓடினாலும், தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம் போன்ற ஊர்களின் புறவழிகள் இருவழியாகவே அமைக்கப்பட்டன. அகலப்படுத்தும் பணிகள் பின்னர்தான் வந்தன. இருவழியில் எதிரே வரும் ஹை பீம் கண்ணைக் கூசவைக்கும் சில நொடிகளில், முன்னால் போகும் பைக்கின் சிறிய சிவப்பு விளக்கு டிரைவரின் பார்வையிலிருந்து காணாமல் போகலாம்.

மலைப்பாதையில் வேறு சிக்கல். கொண்டை ஊசி வளைவில் ஹெட்லைட் வெளிச்சம் பள்ளத்தாக்கைப் பார்த்து நீளுமே தவிர, வளைவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மேல் விழாது. பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால், வெளிச்சம் ஓட்டுபவரின் கண்ணுக்கே திரும்பி வரும்.

இன்றே செய்யக்கூடியவை

• பைக்கின் பின்பக்கம் சுவரைப் பார்த்து இருக்கும்படி நிறுத்துங்கள். இருட்டில் சிவப்பு வெளிச்சம் சுவரில் விழுகிறதா? பிரேக் பிடித்தால் கூடுகிறதா? 2017 ஏப்ரல் முதல் புதிய பைக்குகளில் ஹெட்லைட் தானாகவே எரிகிறது. ஆனால், பின்னால் பல்பு போனால் ஓட்டுபவருக்குத் தெரியாது.

• டேப் ஒட்டும்போது முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்று டிரைவருக்குப் புரிய வேண்டும்.

• ஹெல்மெட்டின் பின்பக்கமும் பக்கவாட்டிலும் ஒட்டுங்கள். லேப்டாப் பேக் மாட்டினால் ஜாக்கெட்டில் உள்ள பட்டை மறைந்துவிடும். அந்த பேக்கிலும் ஒரு பட்டை வேண்டும்.

• பால் கேன், புல்லுக்கட்டு, பில்லியனின் துப்பட்டா எதுவும் டெயில் லேம்ப்பை மறைக்கக் கூடாது.

• 'லுக்' வேண்டும் என்று ரிஃப்ளெக்டரைக் கழற்றாதீர்கள், டெயில் லேம்ப்புக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டாதீர்கள். விதிமீறிய மாற்றங்களுக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமுண்டு.

• வண்டி நின்றுவிட்டால் தார்ச்சாலையை விட்டு இறக்குங்கள். பைக்குக்குப் பின்னால் நின்று போன் பேசாதீர்கள்.

பொறுப்பு பைக் ஓட்டுபவருக்கு மட்டுமா?

இல்லை. "ராத்திரியில ஏன் வண்டி ஓட்டணும்?" என்று கேட்பது சுலபம். மலைக் கிராமங்களில் வாழும் மலையாளி பழங்குடி மக்களுக்கு ஆஸ்பத்திரி, சந்தை, வேலை என்று எல்லாவற்றுக்கும் பைக்தான் வாகனம். கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்து 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து எடுத்த வழக்கில், சாலை வசதியும் பேசப்பட்டது. வளைவுகளில் ஒளிரும் எச்சரிக்கைப் பலகைகளும், சாலையோரக் கோடுகளும் இல்லாவிட்டால், பைக்கில் ஒட்டும் டேப் பாதி வேலையைத்தான் செய்யும்.

கரும்பு டிராக்டர்களையும் விட்டுவிட முடியாது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உள்ள மாவட்டம் இது. டிரெய்லரைத் தாண்டி நீளும் கரும்புக் கட்டு, பின்விளக்கையும் ரிஃப்ளெக்டரையும் மறைத்துவிடும். அதன் பின்னால் வரும் பைக்காரருக்கு அது இருட்டில் நிற்கும் சுவர். அரவைப் பருவத்தில் ஆலை வாசலிலேயே ஒவ்வொரு டிரெய்லரிலும் ரிஃப்ளெக்டர் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் அங்கேயே ஒட்டி அனுப்பலாம். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

பிரான்ஸில் ஹெல்மெட்டில் ரிஃப்ளெக்டிவ் ஸ்டிக்கர் கட்டாயம். 2016 முதல் பைக் ஓட்டுபவர்கள் ரிஃப்ளெக்டிவ் வெஸ்ட்டும் உடன் வைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், ஹெல்மெட் விற்கும்போதே நான்கு ஸ்டிக்கர்களைச் சேர்த்துக் கொடுக்கச் சொல்லலாம். ஹெல்மெட் சோதனைக்கு நிறுத்தும் போலீஸார், வண்டியின் பின்னால் ஒரு பார்வை பார்த்து, 'தம்பி, லைட் எரியல' என்று சொல்லி அனுப்பலாம்.

ஹெல்மெட் காப்பாற்றுவது மோதிய பிறகு. இந்த டேப்பின் வேலை மோதலுக்கு முன்பே தொடங்குகிறது. அரசும் ஆலைகளும் தங்கள் பங்கைச் செய்யும்வரை காத்திருக்காமல், அடுத்த முறை பெட்ரோல் போட நிற்கும்போது ஒரு முறை பின்னால் திரும்பி, டெயில் லேம்ப் எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.