முதலில் பறப்பது எது? நாசாவின் எஸ்.எல்.எஸ்.ஸா, மஸ்க்கின் ஸ்டார்ஷிப்பா?

2022 செப்டம்பர் 3, சனிக்கிழமை. புளோரிடா கடற்கரையில் பெருங்கூட்டம் காத்திருக்க, நாசாவின் நிலவு ராக்கெட்டான எஸ்.எல்.எஸ். இரண்டாவது முறையாகக் கிளம்பாமல் நின்றுவிட்டது. ஆகஸ்ட் 29 அன்று ஓர் என்ஜின் போதிய அளவு குளிரவில்லை என்று உணர்கருவி காட்டியதால் நிறுத்தினார்கள். இம்முறை ஹைட்ரஜன் கசிவு.

இதையடுத்து ஒரு பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. நாசா இப்படித் தடுமாறிக்கொண்டிருக்கையில், எலான் மஸ்க்கின் ஸ்டார்ஷிப் முந்திக்கொள்ளுமா? முந்தாது என்பதே நமது கணிப்பு. எஸ்.எல்.எஸ். 2022க்குள் பறந்துவிடும். ஸ்டார்ஷிப்புக்கு 2023 ஆகிவிடும்.

இரு தரப்பும் அறிவிக்கும் தேதிகளை வைத்து இதைச் சொல்லவில்லை. அந்தத் தேதிகளுக்கு மதிப்பே கிடையாது. எஸ்.எல்.எஸ். 2016 இறுதிக்குள் தயாராக வேண்டும் என்பது 2010இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் இலக்கு. ஆறு மாதத்துக்குள் ஸ்டார்ஷிப் பூமியைச் சுற்றிவரும் என்று மஸ்க் சொன்னது 2019 செப்டம்பரில். 2022 செப்டம்பருக்குள் மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன.

தனியார்தான் எப்போதும் முந்தும் என்று வாதிடுவோர் பால்கன் ஹெவியைச் சுட்டிக்காட்டுகிறார்கள். 2014இல் அன்றைய நாசா தலைவர் சார்லஸ் போல்டன், பால்கன் ஹெவி வெறும் வரைபடத்தில் இருப்பது, எஸ்.எல்.எஸ்.தான் நிஜம் என்ற பொருளில் பேசினார். 2018 பிப்ரவரி 6 அன்று பால்கன் ஹெவி பறந்தேவிட்டது. 2022 செப்டம்பர் தொடக்கத்திலும் எஸ்.எல்.எஸ். தரையில்தான் நின்றது.

வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பால்கன் ஹெவி என்பது என்ன? 2010 முதல் பறந்துவந்த பால்கன் 9 ராக்கெட்டின் அடிப்பாகங்கள் மூன்றை ஒன்றாகப் பிணைத்தது. பழகிய என்ஜின், பழகிய எரிபொருள். அதற்கே 2013 என்று சொல்லி, 2018இல்தான் முடித்தார்கள். 2022இல் பழகிய பொருளை வைத்திருந்தது நாசா. எஸ்.எல்.எஸ்.ஸின் அடியிலுள்ள நான்கு என்ஜின்களும் ஏற்கெனவே விண்வெளி ஓடங்களில் பறந்தவை. 2021 மார்ச்சில் அவை நான்கும் ஒன்றாக எட்டு நிமிடத்துக்கும் மேல் எரித்துப் பார்க்கப்பட்டன. இந்த ஹைட்ரஜன் கசிவும் புதிய நோயல்ல. மைனஸ் 253 டிகிரி குளிரில், சிறு இடுக்கு கிடைத்தாலும் நழுவிவிடும் வாயு அது. 1990இல் இதே தொல்லையால் விண்வெளி ஓடங்கள் மாதக்கணக்கில் முடங்கின. எரிச்சலூட்டும் கோளாறுதான், ஆனால் தீர்வு தெரிந்த கோளாறு. கசிந்த இடத்திலுள்ள அடைப்பானை ஏவுதளத்திலேயே மாற்றினார்கள்.

ஸ்டார்ஷிப்பின் கதை வேறு. அதன் அடிப்பகுதியில் மீத்தேனில் இயங்கும் 33 என்ஜின்கள். 2022 செப்டம்பர் தொடக்கம் வரை இவை அனைத்தையும் ஒருசேர இயக்கிப் பார்த்ததே இல்லை. 2022 ஜூலை 11 அன்று சோதனையின்போது அதன் கீழே வெடிப்பு நிகழ்ந்து தீப்பிழம்பு எழுந்தது. 'ஸ்டார்ஷிப் ஏற்கெனவே பறந்துவிட்டதே' என்று சிலர் கேட்கலாம். 2021 மே மாதம் சுமார் 10 கிலோமீட்டர் உயரம் சென்று பத்திரமாக இறங்கியது மூன்று என்ஜின்கள் கொண்ட மேல்பகுதி மட்டுமே. அதற்கு முந்தைய நான்கும் வெடித்துச் சிதறின. இத்தனை என்ஜின்களை ஒன்றாக இயக்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு சோவியத் யூனியனின் என்1 ராக்கெட் சாட்சி. 30 என்ஜின்கள், 1969 முதல் 1972 வரை நான்கு முயற்சிகள், நான்கும் தோல்வி. இதற்கெல்லாம் மேலாக, அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையின் ஏவுதல் உரிமம் 2022 செப்டம்பரில் ஸ்டார்ஷிப்புக்குக் கிடைத்திருக்கவில்லை.

நம் கணிப்பு பொய்க்க வழியே இல்லையா? இருக்கிறது. ராக்கெட் பாதை தவறினால் அதை வானிலேயே அழிக்கும் கருவியின் பேட்டரிக்கு 2022இல் 25 நாள்தான் அனுமதி இருந்தது. நாசா கூடுதல் அவகாசம் கேட்டது. மறுத்தால் ராக்கெட்டை மீண்டும் கொட்டகைக்கு இழுத்துச் செல்ல வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, புளோரிடாவில் அது புயல் காலம்.

முந்துவதால் நாசா வென்றதாகவும் ஆகிவிடாது. எஸ்.எல்.எஸ்., ஓரியன் கலம், தரைக்கட்டமைப்பு எல்லாம் சேர்த்து முதல் நான்கு பயணங்களில் ஒவ்வொன்றுக்கும் 410 கோடி டாலர் ஆகும் என்று நாசாவின் தலைமைத் தணிக்கை அதிகாரியே 2022 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறார். அத்தனை செலவில் போகும் ராக்கெட் கடலில் விழுந்துவிடும், மறுபடி பயன்படாது. இதில் வேடிக்கை என்னவென்றால், 2022இல் இருந்த திட்டப்படி, எஸ்.எல்.எஸ்.ஸில் போகும் வீரர்களை நிலவின் தரையில் இறக்க வேண்டியதே ஸ்டார்ஷிப்தான். அதற்காக 2021 ஏப்ரலில் 289 கோடி டாலர் ஒப்பந்தத்தை மஸ்க்கின் நிறுவனத்துக்குக் கொடுத்ததும் நாசாதான். ஆக, 2022இல் முந்திப் பறந்தாலும், ஆள் இறக்கும் நாளுக்காக நாசா மஸ்க்கின் ராக்கெட்டுக்குக் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது.