வீட்டு விஞ்ஞானம்: ஒலிபெருக்கியின் முனகல்

கணினியை ஒலிபெருக்கியோடு இணைத்தவுடன், பாட்டினூடே “ம்...” என்றொரு முனகல் எழுவதுண்டு. அஃது ஏன்?

நம் வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஆடுகின்றது. இரு கருவிகளும் வெவ்வேறிடங்களிற் புவித்தொடுப்புப் பெற்றிருப்பின், அவற்றின் புவிக்கம்பிகளும் இடையிலுள்ள ஒலிக்கம்பியின் உலோக உறையும் சேர்ந்து ஒரு வளையமாகும். அதில் ஓடும் சிறு மின்னோட்டமே முனகலாகக் கேட்கின்றது.

சிலர் புவிக்கம்பியைத் துண்டித்து முனகலை அடக்குவர். அந்தோ! உள்ளே மின்கசிவு நேரின், கருவியின் உலோகக் கூட்டில் 230 வோல்ற்று ஏறிவிடும். தொட்டவர் உயிருக்கே ஆபத்து.

இரு கருவிகளுக்கும் ஒரே செருகுப் பலகையிலிருந்து மின் கொடுங்கள். வளையம் சிறுக்கும், முனகலும் தணியும். தணியாதெனின், ஒலிக்கம்பியின் இடையே அதற்கென அமைந்த சிறு மின்மாற்றியை இடலாம். புவிக்கம்பியை மட்டும் அறுக்காதீர்கள். முனகலைப் பொறுக்கலாம், உயிரை மீட்க இயலாது.