காகிதத்தில் சுற்றித் தரும் மாத்திரை

மருந்துக் கடையில் கூட்டம் கலையும்வரை ஒதுங்கி நின்றிருந்த ஓர் இளம்பெண், கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒரு பெயரைச் சொல்ல, கடைக்காரர் அவள் முகத்தைப் பாராமலே ஒரு சிறு பெட்டியைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்ததையும், அவள் மீதிச் சில்லறையை எண்ணாமலே படியிறங்கிப் போனதையும் சென்ற மாதம் கண்டேன். அவள் கேட்டது, விந்தணுக்களை அழிக்கும் நானாக்சினால்-9 என்ற ரசாயனம் அடங்கிய, பிறப்புறுப்பினுள் வைத்துக்கொள்ளும் கர்ப்பத்தடை மாத்திரை.

டாக்டர் சீட்டோ கணவனின் சம்மதமோ வேண்டாமல் ஒரு ஸ்திரீ தானே கையாளக்கூடிய உபாயம் ஒன்று கடையில் கிடைப்பதை நான் வரவேற்கிறேன்; மனம் பொறுக்காதது, அதனுடன் சேர்த்துச் சொல்லவேண்டிய நாலு வார்த்தைகளைக் கூச்சத்தின் பேரில் நாம் விழுங்கிவிடுவதுதான்.

மாத்திரையை உள்ளே ஆழமாக வைத்து, அது கரைவதற்குப் பத்து நிமிஷமாவது பொறுத்திருக்க வேண்டும். அதன் சக்தி ஏறக்குறைய ஒரு மணி நேரமே நிற்கும். மறுமுறை கூடுவதானால் மறு மாத்திரை வேண்டும். சுத்தத்தை உத்தேசித்து உட்புறத்தை உடனே கழுவிவிடாமல் ஆறு மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும். இத்தனை நியமங்களையும் வழுவாது காத்தாலும், இதை மட்டுமே நம்பியிருக்கும் 100 பெண்களில் 16 பேரும், சாதாரணமாக உபயோகிப்பவர்களில் 21 பேரும் ஓராண்டுக்குள் கருவுறுகிறார்கள். கருப்பையினுள் காப்பர்-டி வைத்துக்கொண்டவர்களில் அத்தொகை ஒன்றுக்கும் குறைவு.

இதனினும் கவலைக்குரியது மற்றொன்று. சோதனைக் குழாயில் எச்.ஐ.வி. கிருமியைக் கொன்ற இந்த ரசாயனம் பெண்களையும் காக்கும் என்று ஒரு காலத்தில் நம்பியிருந்தார்கள். ஆனால் பாலியல் தொழிலாளர்களிடையே நடந்த பரிசோதனையின் முடிவு 2000-இல் டர்பனில் நடந்த எய்ட்ஸ் மாநாட்டில் வெளியானபோது, அதை உபயோகித்தவர்களிடையே தொற்று அதிகமாகக் காணப்பட்டது. அடிக்கடி உபயோகித்தால் உட்சவ்வு புண்பட்டுக் கிருமிக்கு வழி திறந்துவிடுகிறது. ஆகவே நோய்க்குக் காப்பு ஆணுறையே.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் காப்பர்-டியும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா என்ற கர்ப்பத்தடை ஊசியும் இலவசமாகவே கிடைக்கின்றன என்பதையாவது அந்தப் பெண்ணிடம் யாரேனும் சொல்லியிருக்கலாம். கடைக்குக் கடை ஒரு பெண் ஊழியர் இருந்து, கேட்க வருபவளைச் சற்று உள்ளே அழைத்து, பெட்டிக்குள் மடித்து வைத்த சீட்டில் பொடி எழுத்தில் கிடப்பதை வாய்விட்டுச் சொன்னால், அதற்கும் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது.