திரைச் சித்திரமும் சங்கத்துப் பிள்ளைகளும்

கணிப்பொறித் திரையில் சித்திரம் தீட்டுவது பட்டணத்து விளம்பர நிலையங்களுக்கே உரிய வித்தை என்றும், தறிக்குழிக்கும் வயல்வரப்புக்கும் அதனால் ஆவதொன்றுமில்லை என்றும் கருதுவோர் நம் சங்கங்களில் இன்றும் பலர் உளர். சங்கத்தின் பணத்தில் இதற்கு ஒரு வகுப்பு நடத்தலாம் என்று எவரேனும் எழுந்து கூறினால், கூலி பாக்கி என்னாயிற்று, உர பாக்கி என்னாயிற்று என்ற கேள்வி உடனே பிறக்கின்றது. அக்கேள்வியை நாம் குறை கூறோம். சங்கத்தின் பணம் அங்கத்தினரின் பணம். அதற்குக் கணக்குக் கேட்பது அவர்தம் உரிமை. ஆயினும் இவ்விஷயத்தில் கணக்கு எந்தப் பக்கம் சாய்கின்றது என்பதைச் சற்று நிதானமாகப் பார்த்தல் வேண்டும்.

நாம் பார்வையிடச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில், சேலைகளுக்கான புட்டா வடிவங்களை வெளியார் ஒருவரிடம் கூலி கொடுத்து வாங்கி வந்தனர். வடிவமொன்றுக்கு இவ்வளவு என்று ரொக்கச் சீட்டு இருந்தது. அட்டை அடித்த செலவுக்கும் சீட்டு இருந்தது. வடிவம் அடங்கிய கோப்பு மட்டும் சங்கத்திடம் இல்லை. மறு வருஷம் அதே புட்டாவைச் சற்றே சிறிதாக்கி வேறு கரையுடன் நெய்ய வேண்டிய அவசியம் ஏற்பட்டபோது, மீண்டும் முதலிலிருந்து முழுக்கூலி கொடுக்க நேர்ந்தது. அதே ஊரில், அதே தெருவில், அங்கத்தினர் ஒருவரின் மகள் பள்ளி நோட்டுகளின் பின்பக்கமெல்லாம் மயிலும் யாளியும் வரைந்து வைத்திருந்தாள். அவளைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும், காகிதத்தில் உள்ளதைக் கணிப்பொறிக்கு ஏற்றும் வழி அவளுக்குத் தெரிந்திராது. இந்த இடைவெளியை நிரப்புவதே நாம் இங்குப் பேச வந்த காரியம்.

இவ்வித்தை நெசவாளருக்கு அந்நியமன்று. பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜோசப் மரீ ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டில் துளையிட்ட அட்டைகளால் பாவிழைகளைத் தூக்கும் பொறியை அமைத்தார். 1839-இல் அவருடைய உருவமே பட்டில் நெய்யப்பெற்றது. அதற்குத் தேவைப்பட்ட அட்டைகள் ஏறக்குறைய 24,000. அந்தப் பட்டுப்படத்தின் பிரதியொன்றைப் பெற்று வைத்திருந்த சார்லஸ் பாபேஜ் என்ற ஆங்கிலேயரே தமது கணக்கியந்திரத்துக்கும் இத்தகைய அட்டைகளைத் திட்டமிட்டவர். துளை இருந்தால் இழை தூக்கும், இல்லையேல் தூக்காது என்ற அந்த இரண்டு விதிதான் கணிப்பொறியின் உயிர்நாடி. பின்னர் 1963-இல் ஐவன் சதர்லாண்டு என்பவர் அமெரிக்காவில் ஒளிப்பேனா கொண்டு திரையில் கோடு வரையும் முறையைக் காட்டினார். 1973-இல் ரிச்சர்டு ஷூப் வர்ணம் தீட்டும் முறையை அமைத்தார். ஆக, தறியில் பிறந்த ஓர் எண்ணம் உலகைச் சுற்றிவிட்டு நம் தெருவுக்கே திரும்பி வந்திருக்கின்றது.

ஓவியருக்கும் நெசவாளருக்கும் உறவு உண்டாக்க முன்னரே முயன்றிருக்கின்றார்கள். நெசவாளர் சேவை மையங்கள் 1950-களில் தொடங்கப்பெற்றபோது, தேர்ந்த ஓவியர்களை அழைத்துத் துணி வடிவங்கள் வரையச் செய்தனர். புகழ்பெற்ற ஓவியர் கே. ஜி. சுப்பிரமணியன் 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பகுதியில் துணை இயக்குநராகப் பணியாற்றினார். அந்த வாரியம் 2020-இல் கலைக்கப்பட்டுவிட்டது. சேவை மையங்கள் சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் இன்றும் இருக்கின்றன. எனினும் அன்று ஓவியர் வெளியிலிருந்து வந்தார். இன்று அவர் நம் வீட்டுக்குள்ளிருந்தே வரலாம்.

இனி, கற்பிக்கும் முறை. இதில்தான் பெரும்பாலான பயிற்சிகள் வழுக்கி விழுகின்றன என்பது நமது அபிப்பிராயம். முதல் நாள் மென்பொருளின் பட்டியல்கள் யாவும் ஒவ்வொன்றாக ஒப்பிக்கப்படுகின்றன. இரண்டாம் நாள் தூரிகை வகைகள். மூன்றாம் நாள் பிள்ளைகள் வருவதில்லை. நெசவு கற்க வந்த சிறுவனுக்கு விழுது, பண்ணை, நாடா, மிதிகட்டை என்று பெயர் சொல்லி ஒரு மாதம் கழிக்கும் தறிக்காரர் எவருமில்லை. தார் சுற்றச் சொல்லுவார். பிறகு அறுந்த இழையை முடியச் சொல்லுவார். கையில் ஒரு வேலை முடிந்த பிறகே அடுத்ததைக் காட்டுவார். திரைச் சித்திரத்துக்கும் இதுவே வழி. ஒரு சிறு படம்; அது தொடங்கிய அன்றோ மறுநாளோ முடிந்துவிட வேண்டும்; முடிந்தபின் அதைக் கொண்டு ஏதேனும் ஒரு பயன் இருக்க வேண்டும்.

முதற்படமாக நாம் சொல்லக்கூடியது ஒரு மாம்பழம். விவசாயி வீட்டுப் பிள்ளைக்கும் நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கும் அது பொது. முன்னவருக்குத் தோட்டத்தில் இருக்கின்றது, பின்னவருக்குப் புட்டாவில் இருக்கின்றது. கணிப்பொறிச் சித்திரத்தில் அடுக்கு என்று ஒன்று உண்டு. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அடித்தாளில் வர்ணமும் மேல்தாளில் கோடும் தீட்டினால் எப்படியோ அப்படி. வர்ணம் கெட்டால் கோடு கெடாது. கோட்டை அழித்தால் வர்ணம் அழியாது. மாம்பழத்துக்கு நான்கு அடுக்குகள் போதும்: முதல் கிறுக்கல், திருத்திய கோடு, அடிவர்ணம், நிழல். வெளிச்சம் எப்பக்கமிருந்து விழுகின்றது என்பதை முதலிலேயே தீர்மானித்து, நிழலை அதற்கு எதிர்ப்புறம் இடவேண்டும். இங்கே ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் கறுப்பைக் கலப்பார்கள். பழம் அழுகியதுபோல் தோன்றும். மஞ்சளின் நிழல் கறுப்பன்று. செம்மை கலந்த ஆழ்ந்த காவி. சாயத்தொட்டியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதை ஒருமுறை சொன்னால் போதும்.

ஓர் எச்சரிக்கை. படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தபடியே வரைந்த மாணவன் மாம்பழம் வரைவான். மாதுளையைக் கொடுத்தால் விழிப்பான். ஆகையால் எந்தப் படத்தையும் இருமுறை வரையச் செய்யவேண்டும் என்போம். முதன்முறை ஆசிரியர் சொற்படி. இரண்டாம் முறை உண்மைப் பழத்தை மேஜைமேல் வைத்து, ஆசிரியர் வாய் திறவாமல். படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்க்கும் வசதி மென்பொருளில் இருக்கின்றது. திருப்பியவுடன் கோணல் தானே கண்ணில் படும். பிறர் குறை சொல்ல வேண்டுவதில்லை.

இரண்டாவதாக, விளைபொருள் பொட்டலத்துக்கு ஒரு சீட்டு. மஞ்சள்தூளோ கடலை எண்ணெயோ, சங்கம் எதை விற்கின்றதோ அது. இங்கே பிள்ளை அளவு என்பதைக் கற்கின்றான். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பது வழக்கம். ஆகவே 4 அங்குல அகலமும் 3 அங்குல உயரமும் உள்ள சீட்டுக்கு 1200-க்கு 900 புள்ளிகள். சிறிதாக வரைந்துவிட்டு அச்சகத்தில் பெரிதாக்கச் சொன்னால் எழுத்து மங்கிப்போகும். திரை ஒளியால் நிறம் காட்டுகின்றது, அச்சகம் மையால் காட்டுகின்றது. ஆதலின் திரையில் கண்ணைப் பறித்த இளம்பச்சை காகிதத்தில் சோர்ந்துவிடும். ஆயிரம் சீட்டு அடிக்குமுன் ஒரு சீட்டை அடித்துப் பார்க்கும் பழக்கத்தை இப்போதே ஊட்டிவிட வேண்டும்.

மூன்றாவதே நெசவாளருக்கு உயிரானது: புட்டா. இங்கு வரும்போது, அதுவரை கற்ற மெல்லிய நிழலையும் கரைந்த ஓரங்களையும் மறக்கச் சொல்லவேண்டும். தறிக்குப் பாதி தூக்குவது என்பதில்லை. ஆகவே ஓரம் கரையாத தூரிகை, எண்ணி எடுத்த இரண்டு அல்லது மூன்று வர்ணம், கட்டம் போட்ட திரை. எளிய கணக்கில், 240 கொக்கி ஜக்கார்டுக்கு வடிவத்தின் அகலம் 240 கட்டத்துக்கு மேற்படலாகாது. நீளத்தில் ஒவ்வொரு கட்டமும் ஓர் ஊடை, ஒவ்வோர் ஊடைக்கும் ஓர் அட்டை. பூவை இருபது கட்டம் நீட்டினால் இருபது அட்டை கூடிற்று. சித்திரக்காரனின் கை நீள நீளச் சங்கத்தின் செலவு நீளும் என்பதைத் திரையிலேயே காட்டிக்கொடுக்கும் பாடம் இதைப்போல் வேறில்லை.

இன்னொன்று. திரையில் கட்டம் சதுரம், துணியில் சதுரமன்று. அங்குலத்துக்கு 100 பாவிழையும் 80 ஊடையும் ஓடும் துணி என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை 100 கட்ட அகலமும் 100 கட்ட உயரமுமாக அழகான வட்டம் போடுகின்றான். துணியில் அது ஓர் அங்குல அகலமும் ஒன்றேகால் அங்குல உயரமுமாக முட்டைபோல் நீண்டு நிற்கும். உயரத்தை 80 கட்டமாகக் குறைத்துத் திரையில் அதைச் சப்பையாக வரைந்தால்தான் துணியில் வட்டம் வரும். இதைக் கணிப்பொறி ஆசிரியர் அறியார். கிராப் தாளில் வர்ணக்குச்சி கொண்டு கட்டம் நிரப்பிய நம் பழைய டிசைன்காரர் அறிவார். இன்று வேலையின்றித் திண்ணையில் அமர்ந்திருக்கும் அப்பெரியவரை அழைத்துப் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார வைக்காத வகுப்பு, எவ்வளவு உயர்ந்த கருவிகளை வாங்கினாலும் ஏட்டுச் சுரைக்காயே.

வரைந்த புட்டாவைச் சுற்றிலும் தொடர்ந்து பரப்பிக் காட்டும் வசதியும் உண்டு. தனியே நிற்கையில் அழகாக இருந்த அன்னபட்சி, பத்தாகப் பரவும்போது இடையில் வெற்றுப் பட்டையைத் தோற்றுவிப்பதை அப்போதுதான் காண்பார்கள். முன்பு இது ஒரு முழம் நெய்த பின்னரே தெரிந்தது.

செலவைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. கிரிதா என்ற சித்திர மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது. யாரும் பயன்படுத்தலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம். மேற்சொன்ன அடுக்கு, திருப்பிக் காட்டல், பரப்பிக் காட்டல் யாவும் அதில் உள. பிரெஞ்சு ஓவியர் டேவிட் ரெவோய் 2014 முதல் தாம் வரையும் ‘பெப்பர் அண்டு காரட்’ படக்கதையின் மூலக் கோப்புகளையே எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கின்றார். தேர்ந்தவர் ஒருவரின் அடுக்குகளைப் பிரித்துப் பார்ப்பது பத்துப் பாடத்துக்குச் சமம். நம் மாநில அரசு 2011-இல் தொடங்கி மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பல வீடுகளில் தூசி படிந்து கிடக்கின்றன; தொடக்கத்துக்கு அவற்றுள் நல்லன போதும். அழுத்தத்தை உணரும் பேனாவுடன் கூடிய, திரையில்லாத சிறு பலகை ஒன்றை மூன்று நான்கு பேருக்குப் பொதுவாக வாங்கலாம். கை பலகையிலும் கண் திரையிலுமாக இருப்பது முதலில் தடுமாற்றம் தரும். கால் மிதியிலும் கை நாடாவிலும் கண் துணியிலுமாக வேலை செய்யும் குடும்பத்துக்கு அதை விளக்கவும் வேண்டுமோ? விலையுயர்ந்த திரைப்பலகைகளை எடுத்த எடுப்பில் வாங்கும் தீர்மானங்களை நாம் ஆதரிக்கவில்லை. டெட் ஸ்டாக் ரிஜிஸ்தரில் பதியப்பட்டு, உறை பிரியாமல், பெயருக்கேற்றபடியே செத்துக் கிடக்கும் சாமான்களை நாம் போதுமான அளவு பார்த்தாயிற்று.

சொன்னதைக் கேட்டு இயந்திரமே படம் வரைந்து தரும் காலத்தில் பிள்ளைகள் ஏன் கை வருந்த வேண்டும் என்று கேட்பாரும் உண்டு. 2022 முதல் அத்தகைய இயந்திரங்கள் பரவியிருப்பது மெய்யே. அவை தரும் மயில் பளபளக்கின்றது. ஆனால் பொதுவாக அது சாயல் கரைந்த படமாகவே வருகின்றது, கொக்கிக்கும் ஊடைக்கும் கணக்கிட்ட வடிவமாக அன்று. அதை நெய்யத்தக்கதாக்க, கட்டம் கட்டமாகத் திருத்தும் ஒருவர் வேண்டும். வரையத் தெரியாதவர் திருத்தவும் மாட்டார். வேண்டுமானால் யோசனைக்கு வைத்துக்கொள்ளட்டும்.

இறுதியாக, நிர்வாகக் குழுவினர் கவனிக்க வேண்டிய காரியம் ஒன்று. பிள்ளைகள் வரைந்த நல்ல வடிவங்களுக்குச் சங்கம் கூலி கொடுக்க வேண்டும். பரிசுக் கிண்ணத்தோடு நிறுத்திவிடலாகாது. வடிவங்கள் சட்டம், 2000 என்ற சட்டத்தின்படி புதிய வடிவத்தைப் பதிவு செய்துகொண்டால் 10 ஆண்டுகளுக்கும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளுக்கும் காப்பு உண்டு. ஆனால் விண்ணப்பிக்கு முன்னர் வடிவம் வெளியாகியிருக்கலாகாது. வரைந்த மகிழ்ச்சியில் அன்றிரவே அதை வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் அனுப்பிவிட்டால் அந்த உரிமைக்கு இடையூறு உண்டாகும். விசைத்தறிக்காரர் கைக்கும் அது போய்ச்சேரும். எனவே வகுப்பு தொடங்கும் முதல் நாளே ஒரு வடிவப் பதிவேடு திறக்கப்பட வேண்டும். வரைந்தவர் பெயர், தேதி, கொக்கி எண்ணிக்கை, அட்டை எண்ணிக்கை, கொடுத்த கூலி, பதிவுக்கு அனுப்பிய நாள் ஆகியன அதில் ஏறவேண்டும். அடுக்குகள் பிரியாத மூலக் கோப்பின் இரண்டு பிரதிகளுள் ஒன்று வரைந்தவரிடமும் மற்றொன்று சங்கத்துப் பெட்டகத்திலும் இருக்கவேண்டும். வெளியாரிடம் வடிவம் வாங்கும் சங்கங்களும், கோப்பு கைக்கு வந்த பிறகே பட்டியலுக்குப் பணம் கொடுக்கலாம்.