எய்தவன் இருக்க பேட்டரியை நோவானேன்?

ஓசூரில் டிசம்பர், ஜனவரி மாதக் காலைகளில் தெருவுக்குத் தெரு ஒரு சத்தம் கேட்கும். செல்ஃப் மோட்டார் "டக்... டக்..." என்று திக்கித் திணறி நின்றுவிடும். உடனே பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் தீர்ப்பு ஒன்றுதான்: "பேட்டரி போச்சு, மாத்திடுங்க!" வண்டிக்காரரும் மாற்றிவிடுவார். இரண்டு நாள் வண்டி ஜோராக ஓடும். இரண்டு மாதம் கழித்து அதே சத்தம், அதே தீர்ப்பு, இன்னொரு பேட்டரி!

பேட்டரி என்பது ஒரு தொட்டி மட்டுமே. வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி காலியானால் யாரும் தொட்டியை உடைத்துவிட்டுப் புதுத் தொட்டி கட்டுவதில்லை. மோட்டார் ஓடுகிறதா, குழாயில் ஓட்டையா, மிதவை வால்வு சிக்கிக்கொண்டதா என்றுதான் பார்ப்பார்கள். வண்டி விஷயத்தில் மட்டும் இந்தச் சாதாரண அறிவு எங்கே போகிறது? வண்டியில் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் பெயர் ஆல்டர்னேட்டர். மிதவை வால்வின் பெயர் ரெகுலேட்டர். இந்த இரண்டையும் அளந்து பார்க்காமல் பேட்டரி மாற்றுவது பணத்தைச் சாக்கடையில் போடுவதற்குச் சமம்.

லாரியும் மொபெட்டும் செய்யும் ஊரில் இப்படி நடப்பதுதான் வேடிக்கை. அசோக் லேலண்ட் தொழிற்சாலை 1980-ல் இங்கே வந்தது. அதே ஆண்டு டிவிஎஸ் 50 மொபெட் ஓசூரில்தான் பிறந்தது. இருசக்கர வண்டிகளுக்கு மின்சாரம் தரும் மேக்னட்டோவையும் இக்னிஷன் சாதனங்களையும் செய்கிற, 1984-ல் தொடங்கப்பட்ட இந்தியா நிப்பான் எலக்ட்ரிகல்ஸ் இருப்பதும் தளி சாலையில்தான். செய்யத் தெரிந்த ஊருக்கு அளக்கத் தெரிய வேண்டாமா?

ஆல்டர்னேட்டர் என்ன செய்கிறது?

காந்தம் ஒரு கம்பிச் சுருளைக் கடந்து போனால் சுருளில் மின்சாரம் பிறக்கும். மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்த விஷயம். ஆல்டர்னேட்டரில் நடப்பது இவ்வளவுதான். நடுவில் சுழலும் ரோட்டர் ஒரு மின்காந்தம். அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் ஸ்டேட்டரில் மூன்று சுருள்கள். என்ஜின் ஃபேன் பெல்ட் வழியாக ரோட்டரைச் சுழற்றும்போது ஸ்டேட்டரில் மூன்று ஃபேஸ் ஏ.சி. மின்சாரம் கிடைக்கும். பேட்டரிக்கு ஏ.சி. ஆகாது. அதனால் உள்ளேயே இருக்கும் டயோடுகள் (குறைந்தது ஆறு) அதை டி.சி.யாக மாற்றி வெளியே அனுப்புகின்றன.

பழைய அம்பாசிடர் காலத்தில் இந்த வேலையைச் செய்தது டைனமோ. அதில் மின்சாரம் பிறக்கும் சுருளே சுழலும். மொத்த ஆம்பியரும் கார்பன் பிரஷ் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். பிரஷ் சீக்கிரம் தேயும், என்ஜின் மெதுவாக ஓடும்போது மின்சாரமும் போதாது. ஆல்டர்னேட்டரில் பிரஷ் வழியாகப் போவது ரோட்டரைக் காந்தமாக்கத் தேவையான சில ஆம்பியர் மட்டுமே. சிலிக்கான் டயோடுகள் வந்த பிறகுதான் இந்த ஏற்பாடு காருக்குள் வர முடிந்தது. 1960-ல் கிரைஸ்லர் நிறுவனம் வேலியன்ட் காரில் இதைக் கொடுத்தது. மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். நம்மூர் ஒர்க்‌ஷாப்களில் பலர் இன்றும் ஆல்டர்னேட்டரை "டைனமோ" என்றே சொல்கிறார்கள். சொல்லட்டும், பெயரில் என்ன இருக்கிறது!

கணக்குப் பார்க்கும் ரெகுலேட்டர்

என்ஜின் நிமிடத்துக்கு 700 சுற்றில் சும்மா ஓடும், சாலையில் 4,000 சுற்றிலும் ஓடும். ஆல்டர்னேட்டர் அதைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் சுழலும். வேகம் கூடினால் வோல்டேஜும் கூடும். கட்டுப்படுத்த ஆள் இல்லையென்றால் பல்பு எரிந்துபோகும், பேட்டரி கொதிக்கும். அந்த ஆள்தான் ரெகுலேட்டர். வெளியே வரும் வோல்டேஜை ஓயாமல் கவனித்துக்கொண்டிருக்கும். சுமார் 14.2 வோல்ட்டைத் தாண்டினால் ரோட்டருக்குப் போகும் கரண்டைத் துண்டிக்கும். காந்தம் வலுவிழக்கும், வோல்டேஜ் இறங்கும். இறங்கியதும் மறுபடி கரண்டைக் கொடுக்கும். நொடிக்குப் பல முறை இந்த ஆட்டம் நடக்கிறது.

முன்பு இதைச் செய்தவை ஸ்பிரிங்கும் பாயின்ட்டும் கொண்ட ரிலேக்கள். டைனமோவுக்குக் கூடவே கட்அவுட் என்று ஒரு ரிலே வேண்டும். என்ஜின் நின்றதும் பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பிப் பாயாமல் தடுப்பது அதன் வேலை. ஆல்டர்னேட்டரில் அந்த வேலையை டயோடுகளே செய்துவிடுகின்றன. கட்அவுட் போய்விட்டது, பெயர் மட்டும் போகவில்லை. ரெகுலேட்டரைத்தான் பல எலக்ட்ரிஷியன்கள் இப்போதும் "கட்அவுட்" என்கிறார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. டேஷ்போர்டில் சிவப்பாக எரியும் பேட்டரி படத்தைப் பார்த்தவுடன் பேட்டரி கெட்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஓடும் வண்டியில் அந்த விளக்கு எரிந்தால் "சார்ஜ் ஏறவில்லை" என்று அர்த்தம். பெல்ட் அறுந்திருக்கலாம், பிரஷ் தேய்ந்திருக்கலாம், ரெகுலேட்டர் போயிருக்கலாம். பாவம், படம் போட்டவர்களும் பேட்டரியின் படத்தையே போட்டு அதன் தலையில் பழியைக் கட்டிவிட்டார்கள்!

மொபெட்டின் கதை வேறு

இருசக்கர வண்டியில் பெல்ட்டும் இல்லை, பிரஷும் இல்லை. என்ஜினோடு சுழலும் ஃபிளைவீலில் நிரந்தரக் காந்தங்கள், அதற்குள்ளே "மேக்னட் காயில்". எளிமையானது, மலிவானது, சேறு தண்ணீருக்கு அஞ்சாதது. ஆனால் ஒரு சங்கடம். நிரந்தரக் காந்தத்தின் வலுவைக் குறைக்க முடியாது. அப்படியானால் வேகமாகப் போகும்போது மிஞ்சும் மின்சாரத்தை என்ன செய்வது?

பெரும்பாலான வண்டிகளில் கிடைத்த விடை கொஞ்சம் முரட்டுத்தனமானது. வோல்டேஜ் மீறினால் ரெகுலேட்டர் காயிலையே ஷார்ட் செய்துவிடும். மிஞ்சியது வெப்பமாகப் போகும். ஆர்.ஆர். யூனிட் (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) என்ற அந்தப் பெட்டிக்கு அலுமினியத் துடுப்புகள் இருப்பது இதற்காகத்தான். காற்றுப் படாத இடத்தில் அதை மாற்றிப் பொருத்துவதும், சேறு அப்பியபடி விட்டுவிடுவதும் அதற்கு வைக்கும் கொள்ளி.

பழைய மொபெட்டில் ஹெட்லைட் நேரடியாக ஏ.சி.யில் எரிந்தது. முறுக்கினால் பளிச்சென்று எரியும், நின்றால் மங்கும். பேட்டரி இருந்தால் என்ன, செத்தால் என்ன, உதைத்தால் வண்டி ஓடும். அந்தக் காலம் போய்விட்டது. 2017 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரியவேண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்ததும் மொபெட்டுக்குக்கூட ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், கம்ப்யூட்டர் எல்லாமே மின்சாரத்தை நம்பி இருக்கின்றன. ஆர்.ஆர். யூனிட் சரியில்லை என்றால் முன்பு விளக்கு மங்கியது, இன்று வண்டியே நின்றுவிடும். பால் கேனும் காய்கறி மூட்டையும் கட்டிக்கொண்டு விடிவதற்கு முன் தளி, சூளகிரிப் பக்கத்திலிருந்து கிளம்புகிறவருக்கு அது ஒரு நாள் வருமானம்.

லாரிக்காரரின் கண்ணுக்குத் தெரியாத கசிவு

கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூருக்கு ஏறும் தேசிய நெடுஞ்சாலையில் இரவு நேரத்தில் பார்த்தால் லாரிகள் தேர் மாதிரி வரும். சீரியல் விளக்கு, பாட்டுப் பெட்டி, போன் சார்ஜர் எல்லாம் உண்டு. கனரக லாரி 24 வோல்ட் வண்டி. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். பாட்டுப் பெட்டி 12 வோல்ட் என்றால் என்ன செய்கிறார்கள்? ஒரே ஒரு பேட்டரியிலிருந்து வயர் இழுத்துவிடுகிறார்கள்.

விபரீதம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ரெகுலேட்டர் பார்ப்பது இரண்டின் கூட்டுத்தொகையை மட்டும். மொத்தம் 28 வோல்ட் இருந்தால் அதற்குத் திருப்தி. உள்ளே ஒன்று 13, மற்றொன்று 15 என்று பிரிந்திருப்பது அதற்குத் தெரியாது. வயர் இழுத்த பேட்டரி எப்போதும் பசியில் கிடக்கும், மற்றது அளவுக்கு மீறிச் சாப்பிட்டு வயிறு வீங்கும். கடைசியில் இரண்டும் சாகும். ஒரு ஜோடி மாற்றப் பத்தாயிரத்துக்கு மேல் ஆகும். 24-ஐ 12 ஆக்கும் சின்ன கன்வெர்ட்டர் ஒன்று வைத்திருந்தால் இந்தச் செலவே வராது.

எல்லைப் பகுதிக்கே உரிய இன்னொரு தொல்லை நெரிசல். ஜூஜூவாடி, அத்திப்பள்ளி, சந்தாபுரா என்று மாலை நேரத்தில் வண்டிகள் ஊர்கின்றன. ஹெட்லைட், வைப்பர், ஏ.சி. எல்லாம் ஓடும். ஆனால் என்ஜின் சும்மா ஓடும்போது ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனைத் தராது, பாதியோ அதற்கும் குறைவோதான் தரும். மிச்சத்தைப் பேட்டரியிலிருந்துதான் எடுக்கவேண்டும். தினமும் இப்படி ஓடும் காரில் மறுநாள் காலை செல்ஃப் திணறினால் அது பேட்டரியின் குற்றமா?

மூன்றே எண்கள்

பேட்டரி அகால மரணம் அடைய இரண்டு வழிகள்தான் முக்கியம். சார்ஜ் குறைந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். சார்ஜ் கூடினால் தண்ணீர் ஆவியாகித் தகடு வெளியே தெரியும். டிஸ்டில்டு வாட்டர் அடிக்கடி குறைகிறதா? "நல்ல வெயில்" என்று சமாதானம் சொல்லவேண்டாம், ரெகுலேட்டரைப் பாருங்கள். அதற்கு வோல்டேஜ் சொல்லும் வயரின் முனையில் துரு ஏறியிருந்தாலும் போதும், 14-ஐ 13 என்று தப்பாகப் படித்து மேலும் மேலும் சார்ஜை ஏற்றும்.

இதையெல்லாம் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். 12 வோல்ட் வண்டிக்கு மூன்று எண்கள்:

1. இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி: 12.6-க்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். 12.2 என்றால் பாதிதான் நிறைந்திருக்கிறது.

2. செல்ஃப் அடிக்கும்போது: 10-க்குக் கீழே வெகுவாக விழுந்தால் பேட்டரி மீது சந்தேகப்படலாம்.

3. என்ஜின் ஓடும்போது, விளக்குகளைப் போட்டபின்: 13.8 முதல் 14.5 வரை. 13-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது.

மூன்றாவது எண் தப்பாக இருந்தால் புதுப் பேட்டரி போட்டும் பயனில்லை. முதல் எண் சரியில்லாமல் மூன்றாவது சரியாக இருந்தால், சார்ஜர் போட்டு நிரப்பிய பின் மறுபடி அளக்கவேண்டும். அப்போதும் நிற்கவில்லை என்றால்தான் பேட்டரிக்குத் தண்டனை.

சில இடங்களில் அளப்பதற்குப் பதிலாக ஒரு குறுக்கு வழி நடக்கிறது. என்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, "வண்டி நிக்கலை பாருங்க, டைனமோ நல்லா இருக்கு" என்பார்கள். தயவுசெய்து அனுமதிக்காதீர்கள்! அந்த நொடியில் வோல்டேஜ் எகிறிக் குதித்து டயோடு, ரெகுலேட்டர், கம்ப்யூட்டர் எதை வேண்டுமானாலும் பலி வாங்கலாம். டைனமோ காலத்து வித்தை இன்றைய வண்டிக்கு ஆகாது.

ஆகவே ஒரு சின்ன கோரிக்கை. புதுப் பேட்டரி விற்கும் ஒவ்வொரு கடையும் பழையதைக் கழற்றும் முன் இந்த மூன்று எண்களையும் ரசீதிலேயே எழுதித் தரவேண்டும். டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்காமல் மருந்து எழுதினால் ஒப்புக்கொள்வோமா?

கடைக்காரர் தரப்பிலும் நியாயம் உண்டு. வாடிக்கையாளருக்கு அவசரம். நான்கைந்து வருடம் உழைத்த பேட்டரி நிஜமாகவே செத்துத்தான் இருக்கும். புதிய கார்கள் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைப்பதால் ஒரு முறை அளந்து முடிவு கட்ட முடியாது, சற்று நேரம் பொறுத்துப் பார்க்கவேண்டும். எல்லாம் சரி. ஆனால் ஐந்து நிமிட அளவீட்டைத் தவிர்க்க இவை காரணமாகாது. தப்பான பேட்டரியை விற்றுவிட்டு, இரண்டு மாதத்தில் வாரண்டி கேட்டு வருபவரோடு சண்டை போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொரு கோரிக்கை ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு. ஆல்டர்னேட்டர் படத்தை வரைந்து பாகம் குறித்தால் பரீட்சையில் மார்க் கிடைக்கும். ஒரு சனிக்கிழமை மல்டிமீட்டரோடு தெருவில் இருக்கும் பத்து வண்டிகளை அளந்து பார்த்தால் தொழில் கிடைக்கும். "எங்களுக்கு எதற்கு, மின்சார வண்டிக் காலம் வந்துவிட்டதே" என்று நினைக்கவேண்டாம். ஏத்தர் ஓசூருக்கும், ஓலா போச்சம்பள்ளிக்கும் வந்தது உண்மைதான். அந்த வண்டிகளில் ஆல்டர்னேட்டர் இல்லை என்பதும் உண்மை. ஆனால் மின்சார வண்டியிலும் விளக்குக்கும் ஹாரனுக்கும் பொதுவாக 12 வோல்ட்தான் வேண்டும். பெரிய பேட்டரியிலிருந்து அதை அளந்து இறக்கித் தரும் வேலையை டிசி-டிசி கன்வெர்ட்டர் செய்கிறது. அங்கேயும் கணக்குப் பார்க்க ஒரு ஆள் உண்டு, அவரும் ஒருநாள் தப்புவார்.

அடுத்த முறை செல்ஃப் "டக்... டக்..." என்றால், பர்ஸை எடுக்கும் முன் மீட்டரை எடுக்கச் சொல்லுங்கள். குற்றவாளி யார் என்று அது சொல்லிவிடும்.