நாயின் வாயும் விளையாட்டுப் பொருளும்

நாய் வளர்ப்போர் அதற்கு உணவிடுவதிலும், நீராட்டுவதிலும், வெறிநோய்த் தடுப்பூசி இடுவிப்பதிலும் காட்டும் கருத்தில் காற்பங்கேனும், அது வாயிற் கவ்வி விளையாடும் பொருளைத் தெரிந்தெடுப்பதிற் காட்டுகின்றாரில்லை. கடைக்குச் செல்கின்றனர்; கண்ணைக் கவரும் நிறமுடைய ஒன்றை வாங்குகின்றனர்; வீடு வந்து நாயின் முன் எறிகின்றனர். அதன்பின் அதனை நினைப்பார் ஒருவருமிலர். இஃது அற்ப விஷயமெனத் தள்ளத்தக்கதன்று என்பதே எமது கருத்து. தொண்டையில் அடைத்த பந்து சில நிமிடங்களில் உயிரைக் கவரும். குடலிற் சிக்கிய துணித்துண்டு சில நாட்களில் அதனையே செய்யும்.

வாங்குவோன் கண்ணாற் பார்க்கிறான். நாயோ வாயாற் பார்க்கிறது. பிழை இங்கேதான் தொடங்குகிறது. நாய்க்குட்டிக்குப் பாற்பற்கள் 28. ஏறக்குறைய நான்காம் மாதத்தில் அவை விழத் தொடங்கி, ஏழாம் மாதத்திற்குள் 42 நிலைப்பற்கள் அமைந்துவிடும். அப்பருவத்தில் ஈறு உறுத்துதலின், குட்டி செருப்பென்றும் நாற்காலிக் காலென்றும் பாராது யாவற்றையும் கடிக்கும். அதனை அடித்துத் திருத்தப் புகுதல் பேதைமை. கடித்தற்கு உரியதொன்றைக் கொடாதவிடத்து அது தானே ஒன்றைத் தேடிக்கொள்ளும்.

“எம் பாட்டனார் வீட்டு நாய் கண்டதையெல்லாம் தின்றது, அதற்கு என்ன வந்தது?” என வினவுவாருமுளர். அந்நாய் தெருவெங்கும் திரிந்தது. நோயுற்றபோது எங்கோ ஒரு வேலியோரத்தில் ஒடுங்கிக் கிடந்தது. சில வேளைகளில் திரும்பி வரவேயில்லை. அது யாதினால் மாண்டதென்று எவரும் வயிற்றைக் கிழித்துப் பார்த்தாரல்லர். கணக்கெடாத சாவைக் காட்டி, சாவே இல்லையென்று வாதிப்பது நியாயமாகாது.

பந்தை முதற்கண் எடுத்துக்கொள்வோம்; யாவரும் வாங்குவது அதுவே. டென்னிஸ் பந்தின் குறுக்களவு ஏறத்தாழ 6.5 சென்டிமீட்டர். சிறு நாய்க்கு அது கவ்வவும் அரிது. ஆயின் ஓர் இராஜபாளையம் நாயோ, லாப்ரடாரோ, ஜெர்மன் ஷெப்பர்டோ அதனைப் பாய்ந்து பிடிக்கும் வேகத்தில், உமிழ்நீரால் வழுவழுத்த பந்து நாவின் பின்புறம் நழுவி மூச்சுக்குழலின் வாயை அடைத்துவிடல் கூடும். உருண்டையான பொருளைப் பற்களாற் பற்றி மீட்கவும் இயலாது. ஆகவே, நாயின் வாய்க்குள் முழுதும் அடங்கும் எப்பந்தும் அந்நாய்க்குச் சிறிதே. வீட்டில் பெரியதும் சிறியதுமாய் இரு நாய்கள் இருப்பின், பெரியதன் வாயே அளவாதல் வேண்டும். ஒரேயொரு துளையுள்ள பந்து மற்றொரு வகைத் தீங்குடையது. உள்ளே நக்கும் நாவை அது உறிஞ்சிப் பிடித்துக்கொள்ள, நா வீங்கி வெளிவர மாட்டாது நிற்கும். காற்றுப் புக இரண்டாந் துளை வேண்டும்.

கடினத்தைப்பற்றி ஒரு சொல். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் சிறிதும் பதியாத பொருள் நாயின் பல்லுக்கும் இடங்கொடாது; மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல்லே பெரும்பாலும் பிளக்கும். எலும்பும் மான்கொம்பும் இவ்வகையின. நாய்க்குக் கிடைத்த முழுத்தேங்காயை நம்மவர் நகைத்துப் பேசுவதுண்டு. விழுங்க இயலாமை ஒன்றினால் அத்தேங்காய் நன்றே, ஆயினும் அதன் நாரை உரித்து விழுங்கும் நாய் பிழைப்பது அரிதாகலாம்.

நாரும் நூலும் கயிறுமே யாம் மிகவும் அஞ்சுவன. பாவாடை நாடாவை இழுக்குங்கால் துணி சுருங்கி மடிவதை யாவரும் கண்டிருப்பர். விழுங்கிய நூலின் ஒரு முனை நாவடியிலேனும் இரைப்பையிலேனும் சிக்கிக்கொள்ள, மறுமுனையைக் குடல் கீழ்நோக்கி இழுக்கும்; இழுக்க இழுக்கக் குடலே நூலின்மேல் மடிந்தேறும்; இறுதியில் நூல் குடற்சுவரை அறுக்கும். கடைகளில் விற்கும் முறுக்குக் கயிறு, பிரியவிழ்ந்த அன்றே குப்பைக்குச் செல்லவேண்டியது. பழைய காலுறையை முடிந்து கொடுக்கும் சிக்கனமும் வேண்டா.

குழந்தைகளின் பொம்மையை நாய்க்குக் கொடுக்கலாமன்றோ எனின், அதுவும் தகாது. இந்தியாவில் 2021 ஜனவரி முதல் 14 வயதிற்குட்பட்ட சிறார்க்குரிய பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. அம்முத்திரை சிறுவன் கைக்கு அளந்ததேயன்றி நாயின் கோரைப்பல்லுக்கு அளந்ததன்று. கரடிப்பொம்மையின் கண்ணும், கீச்சென்னும் ஊதியும், உள்ளிட்ட பஞ்சும் நாய்க்குக் கால்மணி நேர வேலை. விளக்கெரியும் பொம்மையிலுள்ள பொத்தான் மின்கலம் உணவுக்குழலிற் சிக்கின் சிறிது நேரத்தில் அதனைப் பொசுக்கும். காந்தத் துண்டுகள் இரண்டு, குடலின் இரு மடிப்புகளில் நின்று ஒன்றையொன்று இழுத்து இடைப்பட்ட சுவரைத் துளைக்கும்.

நல்ல விளையாட்டுப் பொருள் தோன்றிய வரலாறொன்று கேட்கத்தக்கது. அமெரிக்காவில் 1970-களில் ஜோ மார்க்கம் என்பார், தம் நாய் கற்களைக் கடித்துப் பற்களைக் கெடுத்துக்கொள்வது கண்டு வருந்தினார். தமது வோக்ஸ்வாகன் வண்டியைப் பழுதுபார்க்குங்கால் அவர் எறிந்த இரப்பர்த் துண்டொன்றை அந்நாய் விடாது பற்றிக்கொண்டது. ‘காங்’ என்னும் பெயரால் இன்று விற்கப்படும் பொருளுக்கு அத்துண்டே முன்மாதிரி. மனிதன் தன் விருப்பத்தை விடுத்து நாயின் வாயைக் கவனித்தமையால் விளைந்தது அது. அதிலும் அளவு பலவுள. வலிய தாடையுடைய நாய்க்குக் குட்டிக்குரியதை வாங்கினால் பயனில்லை.

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்க்கு ஒன்று: மாம்பழக் காலத்தில் சப்பியெறியும் கொட்டை நாய்க்கு விளையாட்டுப் பொருளன்று. வழுவழுப்பால் எளிதில் உட்செல்லும்; குடலில் அப்படியே தங்கும். மக்காச்சோளத் தக்கையும் அத்தகையதே.

நாய் ஓயாது வாந்தியெடுத்தாலும், உணவை வெறுத்தாலும், வயிற்றைத் தொடவிடாது முனகினாலும், மலங்கழிக்க வருந்தினாலும், நாளை பார்ப்போம் என்றிருத்தல் கூடாது. வாயிலேனும் ஆசனத்திலேனும் நூல் தொங்குமாயின் அதனை இழுத்தலாகாது. உப்புநீர் புகட்டி வாந்தியெடுக்கச் செய்தலும் தீங்கு. 1903-ஆம் ஆண்டில் சென்னை வேப்பேரியில் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கேனும், அண்மையிலுள்ள கால்நடை மருத்துவரிடமேனும் உடனே கொண்டு செல்க. துணியும் சிலவகை இரப்பரும் எக்ஸ்ரே படத்தில் தெளிவாய்த் தோன்றா. ஆதலின், கடித்தது போக எஞ்சிய துண்டையும், அதே வகையில் வேறொன்று வீட்டிலிருப்பின் அதனையும் உடன் எடுத்துச் செல்க. எவ்வளவு உள்ளே சென்றிருக்கிறதென்று மருத்துவர் அவற்றை ஒப்பிட்டு அறிந்துகொள்வார்.