அலகில்லாத விடை

ஆசிரியருக்கு,

எண் சரியென்றால் போதும், அலகு விட்டுப்போனாலும் பரவாயில்லை என்று மதிப்பெண் போடுவது மாணவருக்குச் செய்யும் உதவி அல்ல. 1983இல் கனடாவில் ஒரு போயிங் 767 விமானத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் வேண்டியிருந்தது. கிலோவுக்குப் பதில் பவுண்டுக் கணக்கு நுழைந்ததால் பாதிக்கும் குறைவாகவே நிரப்பினார்கள். நடுவானில் இரு எஞ்சின்களும் நின்றன. விமானிகளின் திறமையால்தான் கிம்லி என்ற ஊரில் அனைவரும் உயிரோடு இறங்கினர்.

கணினி மாற்றித் தந்துவிடுமே என்பார்கள். ஆனால் 1999இல் நாசாவின் செவ்வாய் விண்கலம் அழிந்ததற்குக் காரணமே, ஒரு மென்பொருள் பவுண்டில் தந்த விசைக்கணக்கை இன்னொன்று நியூட்டன் என எடுத்துக்கொண்டதுதான். நம் வீடுகளிலும் நிலம் சென்ட், தங்கம் சவரன். ஒரு சென்ட் சுமார் 40.5 சதுர மீட்டர், ஒரு சவரன் 8 கிராம். பாடவேளை போதவில்லை என்பது நியாயமான குறைதான். ஆனாலும் இத்தகைய அளவுகளை வகுப்பிலேயே அளந்து, மாற்றி, அலகோடு எழுதப் பழக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்